கொக்கியில் மாட்டிய கடைசி அத்தியாயம்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு கொலைகாரன் பிடிபட்டாக வேண்டும். அதற்கு முன்பே வீட்டுக்குள் இன்னொரு கொலை விழுந்துவிடும் போலிருந்தது.

கொல்லப் பார்த்தவள் அக்கா. ஆயுதம், பலகையில் எழுதும் பச்சைப் பேனா. குறி, கூடப் பிறந்த தம்பி.

"இன்னொரு தடவை அதைச் செத்த மொழின்னு சொன்னே, இதை உன் மூக்குல சொருகிடுவேன்."

"செத்துப்போச்சுன்னு யாருக்கா சொன்னது? ரிடையர் ஆயிடுச்சுன்னுதான் சொன்னேன்."

இடம், மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடி அறை. கீழே அக்காவின் கணவர், அத்தானின் கடை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மாடித் தரை லேசாக நடுங்கும். மேஜைமேல் இருக்கும் தேநீரில் வட்டம் வட்டமாக அலை கிளம்பும். சுவரில் ஒரு பழைய கண் பரிசோதனை அட்டை. அதன் பக்கத்தில் வெள்ளைப் பலகை. பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பிஎச்பி, வலப்பக்கம் ரஸ்ட். இரண்டும் கணினி மொழிகள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மேற்கொண்டு வேலை ஓடும். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் இரண்டு பேருமே நின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தி. அம்மாவின் தங்கை, மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். வாரம் முழுக்க ஊரைத் தூங்கவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊரைத் தூங்கவிடாமல் செய்கிறவள். இணையத்தில் ஒரு வலைப்பூவில் துப்பறியும் தொடர்கதை எழுதிவந்தாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் உருண்டு விழுந்து இறக்கிறார். தள்ளியது யார்? பல் டாக்டரா, பியானோ டீச்சரா, லிஃப்ட் மெக்கானிக்கா? ஒவ்வொரு வாரமும் சித்தி ஒரு ஆள்மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, அடுத்த வாரம் அந்த ஆளை அப்பாவியாக்கி வேறு ஒரு ஆளின் கழுத்தில் மாட்டுவாள்.

படிப்பவர்கள் எங்கெங்கேயோ இருந்தார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஜன்னல்சீட், பாதித்தூக்கம், பல்டாக்டரைவிடாதே என்று ஆளுக்கு ஒரு புனைபெயர். கதைக்குக் கீழே அவர்கள் அடித்துக்கொள்வது கதையைவிடச் சுவாரஸ்யமாக இருக்கும். சித்திக்கு அவர்களில் ஒருவரின் முகமும் தெரியாது, விலாசமும் தெரியாது. ஆனால் ஜன்னல்சீட் ஒரு வாரம் தலைகாட்டவில்லை என்றால் சித்திக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த இலவச வலைப்பூ நிறுவனம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டது. வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு எல்லாப் பக்கங்களும் அழியும். சித்தியின் கடைசி அத்தியாயம் வெளிவர வேண்டியதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

வேறு ஒரு நிறுவனத்தில் குடியேறலாமே என்று அத்தான் யோசனை சொன்னார். சித்தி தலையை ஆட்டினாள்.

"வாடகை வீட்டுல இருந்தது போதும் மாப்பிள்ளை. காலி பண்ணுன்னு சொல்றதுக்கு இன்னொருத்தன் கிட்ட போய் நிக்கணுமா?"

அங்கேதான் அக்கா வாயைக் கொடுத்தாள். நாமே ஒன்று கட்டிவிடலாம் சித்தி, உங்களுக்கு மட்டுமில்லை, ஊருக்கே. நிரலைத் திறந்து பொதுவில் வைத்துவிடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தங்கள் கணினியில் ஓட்டலாம். யாராலும் மூட முடியாது என்றாள். தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். பிறந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பெயர் வைத்தது சித்தி. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் படிக்கிறவனை மாட்டிவிட ஒன்று வேண்டுமே, அதன் பெயர்: கொக்கி.

பெயர் வைத்த கையோடு சண்டை ஆரம்பித்தது.

அக்கா ஒரு பெரிய நூலகத்தின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவள், பிஎச்பியில் ஊறியவள். அது வயதான மொழி, ஆனால் எந்த மூலையில் கிடக்கும் எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும். நாளைக்கு யாராவது கொக்கியை எடுத்துத் தன் இடத்தில் மாட்ட வேண்டுமானால் கஷ்டப்படக் கூடாது என்பது அவள் கட்சி. தம்பி லிஃப்ட்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவன். ரஸ்ட் புது மொழி. எழுதிக் கொடுத்தால், விமான நிலையத்துப் பாஸ்போர்ட் அதிகாரி மாதிரி ஒவ்வொரு வரியின் முகத்தையும் உற்றுப் பார்க்கும். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே விட்டுவிட்டால் அப்புறம் வம்பு கிடையாது. ஆறு மணிக்குக் கூட்டம் மொத்தமாக வந்து இடித்தாலும் அசையாது என்பது அவன் கட்சி.

இரண்டு கட்சியும் நியாயம். அதனால்தான் தீரவில்லை.

சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்டது. வாடிக்கையாளர் ஒருவர் மேலே ஏதாவது குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்ததும், அத்தான் படியேறி வந்தார். அவருக்குக் கணினி பற்றித் தெரிந்ததெல்லாம் அதை உற்றுப் பார்த்தால் கண் கெடும் என்பது மட்டுமே. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தவிக்கிறவர்களைத் தினம் தினம் பார்க்கிற தொழில் அவருடையது. கறுப்பு ஃபிரேமா பழுப்பு ஃபிரேமா என்று கண்ணாடி முன்னால் அரை நாள் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார். எது பிடிக்கவில்லையோ அதை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வரச் சொல்வார். திரும்பி வரும்போது பாதிப் பேர் மனசு மாறியிருக்கும்.

"அவன் மொழியில நீ ஏதாவது சின்னதா எழுதிப் பாரு. உன் மொழியில அவன் எழுதிப் பாக்கட்டும்," என்றார். "போட்டுப் பாக்காம ஃபிரேமைத் திட்டக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். நாலு நாள் மாடி அமைதியாக இருந்தது. பாஸ்போர்ட் அதிகாரியிடம் அக்கா திரும்பத் திரும்ப உதை வாங்கினாள். கடைசியில் ஒரு முறை அது ஒன்றுமே சொல்லாமல் உள்ளே விட்டபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை அத்தான் கவனித்தார். தம்பியோ ஒரு மாலையில் பாதிப் பக்கத்தைக் கட்டிவிட்டு, இவ்வளவுதானா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் தீர்ப்பு கேட்டார் அத்தான்.

"ம், பரவால்ல," என்றாள் அக்கா.

"மோசமில்ல," என்றான் தம்பி.

அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. ஆனால் இரண்டு பேரும் வெள்ளைப் பலகையில் தங்கள் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்கள். ஒப்புக்கொள்வதாவது.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வேலையைப் பாதியாகப் பிரித்தார்கள். எழுதுகிறவர் உட்கார்ந்து எழுதி, திருத்தி, வெளியிடும் பாதி அக்காவுடையது. படிக்கிறவர் வந்து படித்து, கருத்துச் சொல்லும் பாதி தம்பியுடையது. சேர்க்கும்போது மொழியை முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் தங்கள் மொழியிலேயே ஆரம்பித்தார்கள். சித்தி தன் பழைய அத்தியாயங்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தாள். அலங்காரம் எதுவுமில்லாத வெறும் எழுத்துக் கோப்புகள். முன்பொரு முறை அந்த வலைப்பூ நிறுவனம் அவளுடைய முற்றுப்புள்ளிகளைத் தின்றுவிட்டதிலிருந்து அவள் வேறு எதையும் நம்புவதில்லை.

"சோதனைக்கு வச்சுக்குங்க. ஆனா இதுல ஒரு கமா நகந்தாலும் ரெண்டு பேருக்கும் ஊசி போட்டுடுவேன்," என்றாள். மயக்க மருந்து டாக்டர் அப்படிச் சொன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சித்தி கீழே இறங்கும்போது கடையில் ஒரு நிமிடம் நின்றாள்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். இடது கண்ணு லென்ஸை வலது பக்கமும், வலது கண்ணோடதை இடது பக்கமும் மாத்தி மாட்டிட்டா, போட்டுக்கறவங்களுக்குத் தெரியுமா?"

தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அத்தானுக்கு நேரம் போவது தெரியாது. இரண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே பவர் என்றால் தெரியாது. ரொம்ப வித்தியாசம் இருந்தால் தரை சாய்கிற மாதிரி இருக்கும், படி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது என்று விளக்கினார். சித்தி ரொம்ப நன்றி என்று சொல்லி, வாசலில் இருந்த இரண்டு படியை இறங்கினாள். வழக்கம்போல அத்தான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அந்தக் கடைக்கு வருகிற யாரும் அதைக் கேட்காமல் வெளியே போனது கிடையாது.

"படி பாத்து இறங்குங்க."

செவ்வாய்க்கிழமை இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். சேரவில்லை. அக்காவின் பாதி கதையைத் தன்னுடைய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது. தம்பியின் பாதி தன்னுடைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்றது. நடுவில் ஒரு பாலம் கட்டலாம் என்றான் தம்பி. கட்டலாமே என்றாள் அக்கா. பாலத்தை எந்த மொழியில் கட்டுவது என்ற கேள்வி வந்ததும் பேச்சுவார்த்தை முறிந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில், ஒரே மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தபால்காரர் உத்தியோகம் அத்தானுக்கு வந்து சேர்ந்தது.

"என்னங்க, உங்க மச்சான்கிட்ட சார்ஜரைத் தரச் சொல்லுங்க."

"அத்தான், உங்க பொண்டாட்டிகிட்ட அது அவ காலுக்குக் கீழதான் இருக்குன்னு சொல்லுங்க."

புதன்கிழமை காலை சித்தி போனில் கேட்டாள்: எல்லாம் சரியாகப் போகிறதா? பழைய வலைப்பூவில் இன்றைக்கே அறிவிப்புப் போட்டுவிடட்டுமா? அக்கா ஒரு கணம் தம்பியின் முதுகைப் பார்த்தாள். போடுங்க சித்தி என்றாள். சித்தி போட்டேவிட்டாள்: கடைசி அத்தியாயம் இங்கே வராது, வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கீழே உள்ள புது விலாசத்துக்கு வந்துவிடுங்கள், கொலைகாரன் அங்கே காத்திருக்கிறான். ஜன்னல்சீட் உடனே பதில் எழுதினார், நான் வந்துவிடுவேன், விலாசம் வேலை செய்யுமில்லையா என்று. சித்தி அதற்கு என் அக்கா பிள்ளைகள் கட்டுகிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று பதில் போட்டதை அக்கா படித்தாள். வெள்ளிக்கிழமை அந்த விலாசத்தில் வெற்றுப் பக்கம் வந்தால் அவ்வளவுதான். நள்ளிரவில் பழைய பக்கமும் போய்விடும். அந்த முகம் தெரியாத ஆட்களை மறுபடி கண்டுபிடிக்க உலகத்தில் எந்த வழியும் கிடையாது.

அன்று மதியம் அக்கா கீழே இறங்கி வந்து, ஃபிரேம் அலமாரியைத் துடைக்கிற சாக்கில் அத்தானின் காதருகே வந்தாள்.

"நான் என் பாதியை அவன் மொழிக்கே மாத்திடறேங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லிடாதீங்க. இப்பவே தெரிஞ்சா தலையில ஏறி உக்காந்துப்பான்."

அத்தான் சரி என்றார். விட்டுக்கொடுக்கிறாளே என்று மனசுக்கு நிறைவாகவும் இருந்தது.

அடுத்த அரை மணியில் தம்பி வந்தான். கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று வேண்டும் என்றான். அவன் கண்ணாடி போடுகிறவனே இல்லை.

"அத்தான், அக்கா பாவம். நான் பிஎச்பிக்கே மாத்தி எழுதிடறேன். அவகிட்ட சொல்லாதீங்க. சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

அதற்கும் அத்தான் சரி என்றார்.

கணினி தெரிந்த எவனாவது அந்த இடத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடியிருப்பான். அத்தானுக்கு அது தோன்றவில்லை. இடது கண்ணுக்கும் திருத்தம், வலது கண்ணுக்கும் திருத்தம்; இரண்டு பக்கமும் திருத்தினால்தானே பார்வை ஒன்று சேரும் என்பது அவருடைய கணக்கு. ஆக இரண்டு பேரும் இறங்கி வருகிறார்கள், நடுவழியில் சந்தித்துக்கொள்வார்கள் என்று சந்தோஷமாக லென்ஸ் தேய்க்கப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மாடி அறையில் ஒரு புதுவிதமான அமைதி. இரண்டு பேர் முகத்திலும் தியாகக் களை. அக்கா மூன்று நாளுக்கப்புறம் முதன்முறையாகத் தம்பிக்குத் தேநீர் ஊற்றினாள். தம்பி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அத்தான் வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"சேத்துப் பாக்கலாமா?" என்றாள் அக்கா.

"பாக்கலாமே," என்றான் தம்பி, ஏதோ பரிசுப்பொட்டலம் பிரிக்கிற குரலில்.

சேர்த்தார்கள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை வந்த அதே வரி.

அக்கா எட்டித் தம்பியின் திரையைப் பார்த்தாள். தம்பி எட்டி அக்காவின் திரையைப் பார்த்தான். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"டேய். இது என் மொழி."

"அது என்னோடதுக்கா."

அப்புறம் இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி அத்தானைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருமே சொல்லக் கூடாதுன்னீங்களே," என்றார் அத்தான்.

முதலில் சிரித்தது அக்காதான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். செவ்வாயிலிருந்து அடக்கிவைத்த பேச்செல்லாம் சிரிப்பாகக் கொட்டித் தீர்ந்தபோதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது.

பழைய பாதிகள் அழிந்துவிடவில்லை, பத்திரமாகத்தான் இருந்தன. அக்காவின் பழைய பாதியையும் தம்பியின் புதிய பாதியையும் சேர்த்தால் முழு பிஎச்பி. தம்பியின் பழையதும் அக்காவின் புதியதும் சேர்ந்தால் முழு ரஸ்ட். ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஆனால் இப்போது வேறு வியாதி பிடித்துக்கொண்டது. உன் மொழியே இருக்கட்டும்டா, ராத்திரி பகலா படிச்சு வச்சிருக்கேன் என்றாள் அக்கா. வேணாம்க்கா, ஊர்ல எல்லாரும் சுலபமா மாட்டிக்கணும்னு நீ சொன்னதுதான் சரி என்றான் தம்பி. நீ சொன்னதுதான் சரி. இல்லை, நீ சொன்னதுதான். திட்டிக்கொண்டால் குறுக்கே புகுந்து விலக்கலாம். மரியாதை கொடுத்துச் சண்டை போடுகிறவர்களை எப்படி விலக்குவது?

அந்த நேரம் பார்த்துச் சித்தி படியேறி வந்தாள். மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்தாள். தலையில் பச்சைத் துணித் தொப்பி அப்படியே இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள் என்பதே அவள் இருந்த நிலையைச் சொல்லியது. கையில் கடைசி அத்தியாயம்.

"பழைய பக்கத்துல ஆளுங்க இப்பவே வந்து உக்காந்துட்டாங்க," என்றாள். "பாதித்தூக்கம் ஆபீஸ்ல லீவு போட்டுட்டு வந்திருக்காராம். நம்மது ரெடிதானே?"

அக்கா தம்பியைப் பார்த்தாள்; தம்பி பலகையைப் பார்த்தான். சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கதை போனா இன்னொண்ணு எழுதிக்குவேன்," என்றாள் மெல்லிய குரலில். "அவங்க போனா எங்கேன்னு போய்த் தேடறது?"

அத்தானால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினார். இடப்பக்கத் திரையில் முழு பிஎச்பி, வலப்பக்கத் திரையில் முழு ரஸ்ட், இரண்டிலும் சித்தியின் பழைய அத்தியாயம் ஒன்றைத் திறக்கச் சொன்னார். சித்தியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"ஒண்ணா?" என்று இடப்பக்கத்தைக் காட்டினார். "ரெண்டா? எது தெளிவா இருக்கு?"

சித்தி குனிந்து பார்த்தாள். இடது. வலது. மறுபடி இடது. கமாவைக்கூட எண்ணியிருப்பாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மாப்பிள்ளை."

"அப்ப நிறுத்திக்கலாம்," என்றார் அத்தான், பழக்கதோஷத்தில். ஒண்ணா ரெண்டா என்று மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒரே மாதிரி என்று பதில் வந்துவிட்டால் அந்த அளவோடு கையை எடுத்துவிடுவார். கண்ணுக்குச் சரியான பவர் அதுதான். ஆனால் இங்கே எதை நிறுத்துவது என்று அவருக்கே தெரியவில்லை.

அக்கா மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"டேய், இது ரெண்டும் எங்கேர்ந்து படிக்குது?"

"சித்தியோட ஃபோல்டர்லேர்ந்துதான். சோதனைக்குன்னு அப்படியே வச்சிருக்கேன்."

"நானும் தொடல. ஊசிக்குப் பயந்துகிட்டு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் அடுக்களை ஜாடியை எட்டுவதற்கு ஸ்டூல் கண்டுபிடித்தபோது பார்த்துக்கொண்ட அதே பார்வை என்று சித்தி பிற்பாடு சொன்னாள்.

பெட்டியே வேண்டாம் என்றாள் அக்கா. பாலமும் வேண்டாம். எழுதும் பாதி, கதையை வெறும் எழுத்தாக அந்த ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும். படிக்கும் பாதி அங்கேயிருந்து எடுத்துக் காட்டட்டும். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே தேவையில்லை, செவ்வாயிலிருந்து நாம் இருந்த மாதிரி. எந்தப் பாதி எந்த மொழியில் இருந்தால் என்ன? தம்பி அதற்குள் பலகையிடம் போய், நடுவில் இருந்த கோட்டை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டான். சதுரத்துக்குள் ஃபோல்டர் என்று எழுதினான்.

வெட்டுகிற வேலைதான் அதிகம்; எழுதுகிற வேலை கொஞ்சம். அக்கா தன் புதிய ரஸ்ட் பாதியையே வைத்துக்கொண்டாள். அத்தனை உதை வாங்கிக் கற்றதை விட மனசில்லை. தம்பியும் தன் புதிய பிஎச்பியைத்தான் வைத்துக்கொண்டான். மதியம் சேராமல் போன அதே ஜோடி. விசைப்பலகைகள் மழை மாதிரி சடசடத்தன. அத்தான் கீழே இறங்கி, கடைக் கதவில் சாத்தியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தார். சித்தி கடைசி அத்தியாயத்தை அக்காவின் பாதியில் உட்கார்ந்து ஏற்றினாள். ஏற்றும்போது அத்தான் எட்டிப் பார்க்காதபடி தொப்பியால் திரையை மறைத்துக்கொண்டாள்.

"பல் டாக்டர்தானே?" என்றார் அத்தான்.

"ஆறு மணிக்குப் பாருங்க."

ஆறுக்குப் பத்து நிமிடம். சோதித்துப் பார்க்கலாம் என்று தம்பி புது விலாசத்தைத் தங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி திறந்தான்.

வெற்றுப் பக்கம்.

சித்தியின் கை நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தம்பி மறுபடி திறந்தான். மறுபடி வெள்ளை. அக்கா ஃபோல்டருக்குள் பார்த்தாள். அத்தியாயம் இருந்தது, பெயர் சரி, அளவு சரி. ஆனால் தம்பியின் பாதி கண்ணிருந்தும் குருடாக நின்றது.

"உன் பாஸ்போர்ட் ஆபீசர் ஏதாவது பண்ணிட்டானா?" என்றான் தம்பி.

அக்கா கோப்பின் விவரத்தைத் திறந்தாள். ஒரு கணம் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"அவன் பண்ணல. நான்தான். வேற யாரும் திறக்கக் கூடாதுன்னு பூட்டி எழுதச் சொல்லியிருக்கேன்."

"யாரும்னா?"

"நீதான்."

செவ்வாய்க்கிழமைக் கோபத்தில் பழைய பாதியில் எழுதி, மொழி மாற்றும்போது கூடவே வந்துவிட்ட வரி அது. அவள் அதை அழித்தாள். தம்பி தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவைத்தான். பக்கத்தை மறுபடி திறந்தார்கள். சித்தியின் பெயர் வந்தது. தலைப்பு வந்தது. முதல் வரி வந்தது. அத்தான் அதற்கு மேல் படிப்பதற்குள் சித்தி திரையைத் திருப்பிவிட்டாள்.

ஆறு மணி. வெளியிடு என்ற பொத்தானைச் சித்திதான் அழுத்தினாள். சிரிஞ்சை அழுத்துகிற மாதிரி மெதுவாக, ஒரே சீராக.

ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேரும் பக்கத்தின் அடியில் இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு வரி முளைத்தது.

ஜன்னல்சீட்: வந்துட்டேன். வேற யாராவது இருக்கீங்களா?

பாதித்தூக்கம்: இருக்கேன். பேசாதீங்க, படிச்சுட்டிருக்கேன்.

பிறகு வரிசை நிற்கவில்லை. ஒவ்வொரு பெயர் வரும்போதும் சித்தி அதைச் சன்னமாக வாய்விட்டுப் படித்தாள், வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி. வராதவர்கள் இரண்டு பேர்தான். அவர்களும் சற்று நேரத்தில், விலாசத்தைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். சித்தி தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

தம்பி நிரல் முழுவதையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தான். நாலு பாதிகளையும்தான். கூடவே ஒரே ஒரு விதியை எழுதி வைத்தார்கள்: கதை வெறும் எழுத்தாக ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒரு கமா நகரக் கூடாது, மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். மறுவாரமே, பெயர் தெரியாத யாரோ ஒருவர், இரண்டு பேருக்கும் தெரியாத மூன்றாவது மொழி ஒன்றில் படிக்கும் பாதியை எழுதி அனுப்பியிருந்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்து அதைத் திட்டினார்கள். பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை மாடியில் கடைசியாகப் பேசியது அத்தான். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து, மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அப்பாவி. பியானோ டீச்சர் அப்பாவி. லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மூன்றாவது அத்தியாயத்தில் நீதிபதிக்குப் புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போனானே ஒரு ஆள், அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லென்ஸ்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தான். அவன் போகும்போது நீதிபதியிடம் சொன்ன வசனத்தைச் சித்தி கடைசி வரியில் மறுபடி வைத்திருந்தாள்.

அத்தான் நிமிர்ந்தார்.

"சித்தி. கொலைகாரன் நானா?"

"தொழில் நுணுக்கம் எல்லாம் சரியா வந்திருக்கா மாப்பிள்ளை?" என்றாள் சித்தி.

திங்கட்கிழமை கடை திறந்ததும் புது வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அட்டையின் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார். ஆனாலும் கழற்றி, இடது லென்ஸையும் வலது லென்ஸையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தானே மாட்டியிருக்கிறீர்கள் என்று ரொம்பத் தயங்கிக் கேட்டார். எந்தக் கதையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை அத்தான் புரிந்துகொண்டார். ஜன்னல்சீட்டாகவோ பாதித்தூக்கமாகவோகூட இருக்கலாம். கேட்கவில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லி, உறையில் போட்டுக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வாய் சும்மா இருந்தால்தானே.

"படி பாத்து இறங்குங்க."

வாடிக்கையாளர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.